ஜிடிஓ: மூன்று எழுத்தும் நூறு கார்களும்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "சார், நீங்க கார் கம்பெனியிலதானே இருக்கீங்க? கார் பத்தி ஏதாவது ஒரு கட்டுரை எழுதித் தாங்க. நாலு பக்கம் போதும்" என்றார் ஒரு தம்பி. கார் கம்பெனி என்றதும் எல்லோரும் நான் இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் நான் இருப்பது பேப்பர் டிபார்ட்மென்ட். புதிதாக வரும் ஒவ்வொரு வண்டிக்கும் சர்க்கார் அங்கீகாரம் வாங்கும் வேலை. இதற்கு எங்கள் வட்டாரத்தில் ஹோமோலோகேஷன் என்று பெயர். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் இந்த வார்த்தையைச் சொல்லி, வருங்கால மாமனார் "அதுக்கு மருந்து சாப்பிடறீங்களா தம்பி?" என்று கேட்டது தனிக் கதை.

எந்தக் கார் ரசிகனும் மதிக்காத இந்த வார்த்தைதான், உலகத்தின் மிகப் பிரபலமான ஸ்போர்ட்ஸ் கார் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. ஜிடிஓ. அதைப் பற்றி எழுதுகிறேன்.

பழைய மாணவர்களில் எங்கள் செட்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். விடுதி சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் நிற்கும். அதன் பெட்ரோல் டேங்கில் ரேடியம் ஸ்டிக்கரில் பெரிதாக 'ஜிடிஓ' என்று ஒட்டியிருக்கும். அப்படியென்றால் என்ன என்று சொந்தக்காரரைக் கேட்டால், "கிரேட் டிவிஎஸ் ஓனர்" என்பார். நாலு வருஷமும் அதையே நம்பினோம். உண்மையான விளக்கம் எனக்குத் தெரிந்தது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான்.

முதலில் ஜிடி. இத்தாலிய மொழியில் கிரான் டுரிஸ்மோ. பெரிய பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர், அவர்களுடைய பெட்டி, மூடிய கூரை, நாள் முழுக்க வேகமாக ஓட்டினாலும் களைப்புத் தெரியாத வண்டி. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆல்ஃபா ரோமியோ தன் 1750 மாடலில் ஒன்றுக்கு இந்தப் பெயரை வைத்தது. 1951ல் லான்ச்சியா, அவுரேலியா பி20 காருக்கு ஜிடி என்று சூட்டியது. அதுவரை இது வெறும் விற்பனைப் பெயர்.

பந்தயக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டபோதுதான் வம்பு ஆரம்பித்தது. பந்தயத்துக்கென்றே ஒன்றிரண்டு கார் செய்து ஓட்டுவது ஒரு வகை. கடையில் விற்கிற காரை ஓட்டுவது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகைதான் பந்தய விதிகளில் ஜிடி பிரிவு ஆனது. சரி, 'கடையில் விற்கிற கார்' என்பதை எப்படி நிரூபிப்பது? எஃப்ஐஏ என்ற சர்வதேச மோட்டார் கூட்டமைப்பு ஒரு எண்ணைச் சொன்னது. தொடர்ச்சியான 12 மாதங்களில் 100 கார் செய்திருக்க வேண்டும். செய்தால் அங்கீகாரம். இத்தாலிய மொழியில் அங்கீகரிக்கப்பட்டது என்பதற்கு ஓமோலோகாட்டோ. ஜிடிஓவில் உள்ள ஓ இதுதான். அதாவது நம்மூர் லாரியின் பின்னால் எஃப்சி தேதி எழுதியிருப்பது மாதிரி, காரின் பெயரிலேயே சான்றிதழை எழுதிக்கொண்டார்கள்.

1962ல் எஃப்ஐஏ ஒரு மாற்றம் செய்தது. உற்பத்தியாளர்களுக்கான உலகச் சாம்பியன்ஷிப்பை ஜிடி கார்களுக்கு என்று மாற்றியது. ஃபெராரியிடம் அப்போது 250 ஜிடி என்ற நல்ல கார் இருந்தது. (250 என்பது ஒரு சிலிண்டரின் கொள்ளளவு. போர் 73 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 58.8 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் ஒரு சிலிண்டர் 246 சிசி வரும். 12 சிலிண்டருக்கு 2953 சிசி. 246ஐ 250 என்று சொல்வதை விடைத்தாள் திருத்தும் நம் பேராசிரியர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.) ஆனால் 1961 ஜெனீவா கண்காட்சியில் ஜாகுவார் ஈ-டைப் வந்து இறங்கியிருந்தது. 250 ஜிடியின் மொண்ணை மூக்கு காற்றைக் கிழிக்கப் போதவில்லை. புதிய உடம்பு தேவைப்பட்டது.

அந்த வேலையை ஆரம்பித்தவர் ஜியோட்டோ பிஸ்ஸாரினி என்ற எஞ்சினியர். 1961 கடைசியில் ஃபெராரி கம்பெனிக்குள் பெரிய சண்டை வந்து, அவரும் இன்னும் சில மூத்தவர்களும் ஒரே நேரத்தில் வெளியேறிவிட்டார்கள். அரைகுறையாக நின்ற வண்டியை முடிக்கும் பொறுப்பு மௌரோ ஃபோர்கியேரியிடம் வந்தது. அவருக்கு அப்போது வயது 26. இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளவும். அலுமினியத் தகட்டைக் கையால் தட்டித் தட்டி உடம்பு செய்து தந்தது மோடனா நகரத்து ஸ்காலியெட்டி பட்டறை. 1962 பிப்ரவரியில் பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டினார்கள். அடுத்த மாதமே அமெரிக்காவில் செப்ரிங் 12 மணிப் பந்தயத்தில் ஃபில் ஹில்லும் ஒலிவியே ஜாந்தபியானும் ஓட்டி, மொத்தத்தில் இரண்டாவது, ஜிடி பிரிவில் முதலாவது.

நூறு கார் எங்கே என்று கேட்பீர்கள். அதுதான் விஷயம். நூறு இல்லை. 1962லிருந்து 1964 வரை மூன்று லிட்டர் 250 ஜிடிஓ மொத்தமே 36தான் செய்தார்கள். விதிப்படி 64 கார் குறைவு. அப்புறம் எப்படி 'ஓ' கிடைத்தது?

ஃபெராரியின் வாதம் இது: "இது புதிய காரே அல்ல. ஏற்கெனவே அங்கீகாரம் வாங்கிய 250 ஜிடியின் ஒரு மாறுபாடுதான். அதே வீல்பேஸ், 2400 மில்லிமீட்டர். அதே மூன்று லிட்டர் வி12 குடும்பம். உடம்பு மட்டும்தான் கொஞ்சம் வேறு." கொஞ்சம் வேறாம்! டெஸ்டா ரோஸா பந்தயக் காரிலிருந்து எடுத்த டிரை சம்ப் லூப்ரிகேஷன், ஆறு வெபர் கார்புரேட்டர், நாலு கியருக்குப் பதில் ஐந்து, கிட்டத்தட்ட 300 குதிரைத்திறன். ஆனால் அந்தக் கால விதிப் புத்தகத்தில், அங்கீகாரம் பெற்ற காருக்கு வேறு உடம்பு போட்டுக்கொள்ள இடம் இருந்தது. அந்த இடத்தின் வழியாக ஃபெராரி முழுக் காரையும் ஓட்டிக்கொண்டு போனார். எஃப்ஐஏவும் முத்திரை குத்திவிட்டது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் கூச்சமும். காரணம், என் தினசரி வேலையே இந்த வாதம்தான். நம் நாட்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126வது விதிப்படி, ஒரு மாடல் விற்பனைக்கு வருமுன் அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தில் அதன் மாதிரி வண்டி தேற வேண்டும். பிறகு ஏதாவது மாற்றம் செய்தால், அது புது மாடலா, பழைய அங்கீகாரத்தின் நீட்டிப்பா என்ற கேள்வி வரும். நீட்டிப்பு என்றால் சில சோதனை போதும். புதிது என்றால் எல்லாம் முதலிலிருந்து. மாதக்கணக்கு, பணம், மேலதிகாரியின் முகம், எல்லாம் இந்த ஒரு சொல்லில் தொங்கும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். கம்பெனி பெயர் வேண்டாம். சைலன்சர் மாறியிருந்தது. அதை வைக்க அடியில் பிராக்கெட் மாறி, அதற்காகப் பெட்ரோல் டேங்க்கும் நகர்ந்திருந்தது. "நீட்டிப்புன்னே போட்டுடுப்பா, எல்லாம் அதே குடும்பம்தானே" என்றார் மேலதிகாரி. நானும் அழகாக ஆறு பக்கத்துக்கு வாதம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோனேன். சோதனை நிலையத்தில் இருந்த பெரியவர் ஆறு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். பிறகு, "தம்பி, பழைய வண்டி டேங்க் இதுல மாட்டுமா?" என்று ஒரே கேள்வி கேட்டார். மாட்டாது. "அப்ப எடுத்துட்டுப் போங்க" என்றார். எரிபொருள் டேங்க் சோதனை மறுபடி நடந்தது. மூடி ஓரத்தில் கசிவு. அது கசியாமல் போயிருந்தால் இந்தச் சம்பவத்தையே மறந்திருப்பேன். அந்த ஆறு பக்கத்தில் இருந்தது என் கையெழுத்து என்பதால் இன்னும் மறக்க முடியவில்லை. அதனால்தான் ஃபெராரியின் வாதத்தைப் படித்தபோது, வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரர் என்று ரசிக்க முடிந்த அளவுக்கு, எஃப்ஐஏவில் அந்தப் பெரியவர் மாதிரி ஒருவர் இல்லையே என்றும் தோன்றியது.

சரி, கதைக்கு வருவோம். முத்திரை கிடைத்த ஜிடிஓ 1962, 63, 64 மூன்று வருஷமும் பெரிய இன்ஜின் ஜிடி பிரிவில் ஃபெராரிக்குப் பட்டம் வாங்கித் தந்தது. லெ மான் 24 மணிப் பந்தயத்தில் 1962லும் 1963லும் மொத்தத்தில் இரண்டாமிடம். கார் அற்புதமானது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகம் எல்லாம் அந்த மூன்றாவது எழுத்தில்தான்.

ஒருமுறை பலித்த வித்தையை மனிதன் மறுமுறை செய்யாமல் இருப்பானா? 1963 பாரிஸ் கண்காட்சியில் ஃபெராரி 250 எல்எம் என்ற காரைக் காட்டியது. எல்எம் என்றால் லெ மான். இதுவும் 250 ஜிடியின் மாறுபாடுதான் என்றார்கள். இந்தத் தடவை இன்ஜினே டிரைவருக்குப் பின்னால் போயிருந்தது! அது போதாதென்று, முதல் காருக்குப் பிறகு வந்தவை எல்லாம் 3.3 லிட்டர். ஃபெராரியின் சொந்தக் கணக்குப்படியே 275 எல்எம் என்று பெயர் வைத்திருக்க வேண்டும். 275 என்றால் புதுக் கார் என்று ஒப்புக்கொண்டது ஆகிவிடுமே! அதனால் 250 என்றே எழுதினார்கள். எஃப்ஐஏ மறுத்துவிட்டது. என்ஸோ ஃபெராரிக்கு வந்த கோபத்தில், இத்தாலிய மோட்டார் கிளப் தனக்குத் துணை நிற்கவில்லை என்று பந்தய லைசென்ஸையே திருப்பிக் கொடுத்தார். 1964 ஃபார்முலா ஒன் கடைசி இரண்டு பந்தயங்களில், அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும், ஃபெராரி கார்கள் சிவப்பில் ஓடவில்லை. அமெரிக்கக் குழு ஒன்றின் பெயரில் நீலமும் வெள்ளையுமாக ஓடின. அந்த நிறத்தில்தான் ஜான் சர்ட்டீஸ் அந்த வருஷத்து உலகச் சாம்பியன் ஆனார்.

எல்எம் என்ன ஆயிற்று என்றால், ஜிடியாக ஏற்கப்படாமல் மேல் பிரிவிலேயே ஓட வேண்டியதாயிற்று. 1965ல் அப்படி ஓடி லெ மானில் மொத்தத்தில் முதலாவதாக வந்துவிட்டது. ஓட்டியவர்கள் யோகன் ரிண்ட், மாஸ்டன் கிரிகரி. அதற்குப் பிறகு ஃபெராரி லெ மானை வெல்ல 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது அமெரிக்கா போகலாம். 1963 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை தன் எல்லாக் கிளைக் கம்பெனிகளுக்கும் 'இனி பந்தயம் கிடையாது' என்று உத்தரவு போட்டது. பான்டியாக் கிளைக்கு இது பெரிய அடி. அதன் பெயரே பந்தயத்தால் வந்தது. அங்கே தலைமை எஞ்சினியர் ஜான் டிலோரியன். நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் போடக்கூடாது என்று தலைமை வேறு விதி வைத்திருந்தது. டிலோரியன் ஆட்கள் 389 கன அங்குலம், அதாவது 6.4 லிட்டர் இன்ஜினைத் தூக்கி டெம்பஸ்ட் லெ மான் என்ற காரில் வைத்தார்கள். (அதன் பெயரிலேயே ஒரு பந்தயம் இருப்பதைக் கவனிக்கவும்.) புது மாடலுக்குத்தான் தலைமையின் ஒப்புதல் வேண்டும். பழைய மாடலில் வாடிக்கையாளர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் 'ஆப்ஷன்' என்றால் வேண்டாம். எனவே சுமார் 295 டாலர் ஆப்ஷன் என்று விலைப்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? 'புதிதல்ல, மாறுபாடுதான்!' ஃபெராரி எஃப்ஐஏவிடம் சொன்ன அதே வாதத்தை டிலோரியன் தன் சொந்த முதலாளியிடம் சொன்னார்.

அந்த ஆப்ஷனுக்கு அவர்கள் வைத்த பெயர் ஜிடிஓ. ஃபெராரியிடமிருந்து நேராக எடுத்தது. எந்தப் பந்தயப் பிரிவுக்கும் மனுப் போடவில்லை, யாரும் முத்திரை குத்தவில்லை. கார் ரசிகர்கள் கொதித்தார்கள். 1964 மார்ச்சில் 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை இரண்டு ஜிடிஓவையும் ஒப்பிட்டு அட்டைப்பட கட்டுரை போட்டது. ஆனால் ஃபெராரி அந்தச் சோதனைக்கு வரவே இல்லை! போதாததற்கு, சோதனைக்குக் கொடுத்த பான்டியாக்கில் இருந்தது 389 அல்ல, அதைவிடப் பெரிய 421 இன்ஜின் என்று விளம்பரப் பொறுப்பில் இருந்த ஜிம் வேங்கர்ஸ் பல வருஷம் கழித்துச் சொன்னார்.

5,000 விற்றால் போதும் என்றுதான் ஆரம்பித்தார்கள். 1964ல் 32,450 விற்றது. 1966ல் மட்டும் 96,946. நூறு கார் தேவைப்பட்டவர் 36 செய்து 'ஓ' வாங்கினார். கிட்டத்தட்ட லட்சம் செய்தவருக்கு அந்த 'ஓ' வெறும் ஸ்டிக்கர். நம்ம டிவிஎஸ் எக்ஸ்எல் ஓனரையாவது மன்னிக்கலாம், அவர் விளக்கத்தில் ஓனர் என்பதாவது உண்மை.

பான்டியாக் இதோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் 1966ல் டிரான்ஸ்-ஆம் என்ற பந்தயத் தொடர் தொடங்கியது. அதில் இன்ஜின் வரம்பு 5 லிட்டர், அவர்கள் கணக்கில் 305 கன அங்குலம். 1969ல் பான்டியாக் தன் ஃபயர்பேர்ட் காரின் ஒரு வகைக்கு 'டிரான்ஸ் ஆம்' என்று பெயர் வைத்தது. பெயருக்காகப் பந்தய அமைப்புக்குக் காருக்கு 5 டாலர் தருவதாக ஒப்பந்தம். முதல் வருஷம் 697 கார். எல்லாம் முறைப்படி. ஆனால் உள்ளே இருந்தது 400 கன அங்குலம், 6.6 லிட்டர் இன்ஜின்! டிரான்ஸ் ஆம் காரை வாங்கி, அப்படியே டிரான்ஸ்-ஆம் பந்தயத்துக்கு ஓட்டிக்கொண்டு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

அந்தப் பந்தயத்துக்கு உண்மையாகவே பொருந்திய கார் பக்கத்து வீட்டிலேயே இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு கிளை ஷெவர்லே. அவர்களிடம் 327 இன்ஜின் இருந்தது, வரம்பைத் தாண்டியது. 283 இன்ஜின் இருந்தது, சிறியது. 4 அங்குல போர் உள்ள பெரிய பிளாக்கில், 3 அங்குல ஸ்ட்ரோக் உள்ள சின்ன கிராங்க் ஷாஃப்ட்டைப் போட்டார்கள். எட்டு சிலிண்டருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 301.6 கன அங்குலம் வரும். 305க்குள் அடக்கம். மெக்கானிக்கல் மாணவர்கள் விரும்பினால் ரஃப் நோட்டில் சரிபார்க்கலாம். 1967ல் 602 கார்கள். 1968, 69 இரண்டு வருஷமும் அதே இன்ஜின் போட்ட கமாரோவில் மார்க் டோனஹ்யூ டிரான்ஸ்-ஆம் பட்டம் வாங்கினார். இத்தனை யோக்கியமான காருக்கு என்ன பெயர்? இசட் 28. அது ஆர்டர் படிவத்தில் இருந்த ஆப்ஷன் எண். அவ்வளவுதான். பெயர் வைக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த கார் இதுதான்.

எல்லோரும் ஏமாற்றினார்கள் என்று நினைக்க வேண்டாம். 1965க்கு காரல் ஷெல்பி, முஸ்டாங்கை மாற்றி ஜிடி 350 செய்தபோது, எண்ணிப் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் 100 காரையும் வரிசையாக நிறுத்திக் காட்டினார். போர்ஷே 1972ல் 911 கரேரா ஆர்எஸ் கொண்டுவந்தபோது விதிக்கு 500 போதும். விற்குமா என்ற பயத்தோடு தொடங்கி 1,580 செய்தார்கள். கரேரா என்பது மெக்சிகோவில் 1950 முதல் 54 வரை நடந்த கரேரா பனமெரிக்கானா நெடுஞ்சாலைப் பந்தயத்தின் பெயர். போர்ஷே அதில் தன் பிரிவில் ஜெயித்தது, எனவே அந்தப் பெயரை வைத்துக்கொள்ள உரிமை உண்டு.

இருபது வருஷம் கழித்து ஃபெராரிக்கு மனசாட்சி உறுத்தியதோ என்னவோ, 1984 ஜெனீவாவில் மறுபடி ஒரு ஜிடிஓ வந்தது. ரசிகர்கள் 288 ஜிடிஓ என்பார்கள். 2.8 லிட்டர், 8 சிலிண்டர், இரண்டு டர்போ. குரூப் பி என்ற பந்தயப் பிரிவுக்காக அளவெடுத்துத் தைத்தது. டர்போ இன்ஜின் என்றால் கொள்ளளவை 1.4ஆல் பெருக்க வேண்டும் என்பது விதி. இதன் கொள்ளளவு 2,855 சிசி. பெருக்கினால் 3,997. வரம்பு 4,000! மூன்று சிசி மிச்சம். இந்தப் பிரிவுக்கு 200 கார் வேண்டும், ஃபெராரி 272 செய்தது. ஆக, பெயரின் மூன்று எழுத்துக்கும் உழைத்துச் செய்த ஜிடிஓ என்றால் அது இதுதான். ஆனால் குரூப் பி ராலி கார்களின் வேகம் கைமீறிப் போயிருந்தது. 1986 போர்ச்சுகல் ராலியில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து பார்வையாளர்கள் இறந்தார்கள். மே 2 அன்று கார்சிகாவில் ஹென்றி டொய்வோனனும் அவருடைய துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் காரோடு எரிந்து போனார்கள். அந்த வருஷ முடிவோடு குரூப் பி ஒழிக்கப்பட்டது. 288 ஜிடிஓ தன் பிரிவில் ஒரு பந்தயம்கூட ஓடவில்லை. எல்லாச் சான்றிதழும் கையில் வைத்துக்கொண்டு, வேலைக்குச் சேர வேண்டிய கம்பெனியே மூடிப்போன பட்டதாரி மாதிரி ஆயிற்று அதன் நிலைமை.

2010ல் 599 ஜிடிஓ என்று மூன்றாவது ஒன்றும் செய்தார்கள். 599 கார் மட்டும். எந்தப் பந்தயப் பிரிவிலும் அதற்கு அங்கீகாரம் கேட்கவில்லை. ஃபெராரியே பான்டியாக் வழிக்கு வந்துவிட்டது என்று சொல்லி அதைக் கடந்துவிடுகிறேன்.

1962ல் அமெரிக்காவில் 250 ஜிடிஓவின் விலை சுமார் 18,000 டாலர். 2018 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் அதில் ஒன்று ஏலத்துக்கு வந்தது. 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போயிற்று. அதுவரை ஏலத்தில் எந்தக் காரும் அந்த விலைக்கு விற்றதில்லை. இத்தனை விலைக்கு ஒரு முக்கியக் காரணம், உலகத்தில் மொத்தமே 36 இருப்பது. விதிப்படி நூறும் செய்திருந்தால் இவ்வளவு கொடுத்திருப்பார்களா என்று என் ஆபீசில் டீ குடிக்கும் நேரத்தில் நாங்கள் விவாதிப்பது உண்டு. இன்னும் தீர்வு கிடைக்கவில்லை.

சைக்கிள் ஸ்டாண்டு டிவிஎஸ் எக்ஸ்எல்லின் சொந்தக்காரர் இந்த மலரைப் பார்த்தால், சந்திப்பு அன்று மதியச் சாப்பாட்டுப் பந்தியில் என்னைத் தேடிப் பிடிக்கவும். வண்டி இன்னும் இருக்கிறதா, எஃப்சி எடுத்தீர்களா என்று கேட்க வேண்டும்.